ஃபிளீட் தெருவின் விடுதியும் கவிஞர் வட்டமும்

இலக்கிய வரலாறு எழுதுவோர் புலவரைப் பற்றி எழுதுவர்; நூலைப் பற்றி எழுதுவர்; புரந்த வள்ளலைப் பற்றியும் எழுதுவர். புலவர்கள் கூடியமர்ந்த இடத்தைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. கவிதை தனிமையில் பிறக்கலாம். ஆயின் அது முதன்முதலில் செவிமடுக்கப்பெறுவது பெரும்பாலும் நண்பர் நால்வர் நடுவில்தான். அந்நால்வரும் அமர ஓர் அறை வேண்டும். சுற்றி உட்கார ஒரு மேசை வேண்டும். எப்போது எழுந்து போவீர்கள் என்று கேளாத ஓர் உரிமையாளரும் வேண்டும். ஆங்கில இலக்கியத்தில் இத்தேவையை நெடுங்காலம் நிறைவு செய்தவை 'பப்' எனப்படும் உணவும் மதுவும் வழங்கும் விடுதிகளே ஆகும்.

நம் வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், இலண்டன் மாநகரின் ஃபிளீட் தெருவை ஒட்டிய 'செஷயர் சீஸ்' என்னும் பழம்பெரும் விடுதியையும், அதன் மேல்மாடியில் 1890ஆம் ஆண்டு முதல் கூடிய கவிஞர் வட்டம் ஒன்றையும் நினைத்துப் பார்ப்பது பொருத்தமுடையது எனக் கருதுகிறேன். கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரின் வழிவந்தோர் மதுவிடுதியைப் போற்றி எழுதலாமோ என்னும் ஐயம் அன்பர் சிலருக்கு எழக்கூடும். போற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்விடம் கவிஞர்க்கு எதைக் கொடுத்தது, எதைப் பறித்தது, யாருக்குக் கதவை அடைத்தது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை தேடுவதே நோக்கமாகும்.

மூவகை மனைகள்

பழைய இங்கிலாந்தில் உண்ணவும் பருகவும் தங்கவும் இடந்தந்த மனைகள் மூவகைப்பட்டன. வாற்கோதுமையிலிருந்து வடித்த 'ஏல்' என்னும் மதுவை விற்ற எளிய வீடு 'ஏல்ஹவுஸ்'. திராட்சை மதுவும் நல்லுணவும் வழங்கியது 'டேவர்ன்'. வழிச்செல்வோர் இரவு தங்க அறைகளும் அவர்தம் குதிரைகளுக்கு இலாயமும் கொண்டது 'இன்'. 1552ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஏல்ஹவுஸ் நடத்துவோர் நீதிபதிகளிடம் உரிமம் பெறவேண்டும் என்று விதித்தது. பிற்காலத்தில் இவ்வேறுபாடுகள் மங்கி, எல்லாம் 'பப்ளிக் ஹவுஸ்', அதாவது பொதுமனை, என்னும் பெயருள் அடங்கின. 'பப்' என்பது அதன் குறுக்கம். தனியொருவர்க்கு உரிய வீடாக இருந்தும் ஊரார் எவரும் நுழையத்தக்கது என்பதே அப்பெயரின் பொருள். 'எவரும்' என்னும் சொல் நடைமுறையில் எத்துணை உண்மையாயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

இம்மனைகளுக்கும் இலக்கியத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் இயற்றிய 'காண்டர்பரி கதைகள்' தேம்சு ஆற்றின் தென்கரையிலுள்ள சதர்க் பகுதியில், 'டேபர்டு' என்னும் விடுதியில்தான் தொடங்குகிறது. திருத்தலப் பயணம் புறப்படும் கூட்டத்தினருக்கு விடுதியாளன் ஒரு போட்டி வைக்கிறான். சிறந்த கதை சொல்பவருக்கு என்ன பரிசு? திரும்பி வந்ததும் மற்றவர் அனைவரும் சேர்ந்து செலவேற்று அதே விடுதியில் அளிக்கும் ஒரு விருந்து! பொற்கிழியும் பட்டமும் இன்றி, பலர் நடுவில் உண்ணும் ஒருவேளை உணவே இலக்கியப் பரிசாக அமைந்த இச்செய்தி எண்ணி மகிழத்தக்கது.

ஃபிளீட் தெரு

ஃபிளீட் என்பது இலண்டனில் ஓடித் தேம்சில் கலந்த ஒரு சிற்றாறு. இப்போது அது தரைக்கடியில் மறைந்து ஓடுகிறது. அதன் பெயர்கொண்ட தெருவுக்கு 1500ஆம் ஆண்டையொட்டி விங்கின் டி வோர்டு என்னும் அச்சாளர் தம் அச்சகத்தைக் கொண்டுவந்தார். அன்று முதல் அத்தெருவுக்கும் அச்சுமைக்கும் பிரியாத தொடர்பு ஏற்பட்டது. 1702இல் இங்கிலாந்தின் முதல் ஆங்கில நாளிதழான 'டெய்லி கூரண்ட்' ஃபிளீட் பாலத்தருகில் தோன்றியது. இருபதாம் நூற்றாண்டில் 'ஃபிளீட் தெரு' என்றாலே பத்திரிகை உலகம் என்று பொருள்படும் அளவுக்கு அத்தொடர்பு முற்றியது. எழுதுவோரும் அச்சுக்கோப்போரும் வழக்கறிஞரும் நெருங்கி வாழ்ந்த தெருவில் உணவு விடுதிகள் பெருகியமை வியப்பன்று.

1666ஆம் ஆண்டு செப்டம்பரில் இலண்டனைச் சுட்டெரித்த பெருந்தீயில் செஷயர் சீஸ் விடுதியும் அழிந்தது. மறு ஆண்டே, 1667இல், மீண்டும் கட்டப்பெற்றது. செஷயர் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஒரு மாவட்டம். அங்குச் செய்யப்படும் பாலாடைக்கட்டி பெயர் பெற்றது. அதுவே விடுதியின் பெயராயிற்று. விடுதியின் வாயில் பெருந்தெருவில் இல்லை. 'ஒயின் ஆபீஸ் கோர்ட்' என்னும் குறுகிய சந்துக்குள் திரும்பினால்தான் அது கண்ணிற்படும். திராட்சை மது விற்க உரிமம் வழங்கிய அலுவலகம் ஒருகாலத்தில் அங்கிருந்தமையால் சந்துக்கு அப்பெயர் வந்தது. மன்னரும் அரசியரும் மாற மாற, விடுதி கண்ட ஆட்சியாளர் பெயர்களை எல்லாம் வரிசையாக எழுதிய பலகை ஒன்று வாயிலருகே உண்டு. நம்மூர்க் கோயிற் சுவரில் மன்னர் பெயர்கள் நிற்பதுபோல அங்கு உணவு விடுதி வாயிலில் நிற்கின்றன.

அறையும் பந்தியும்

செஷயர் சீஸ் சிறப்பாகச் 'சாப் ஹவுஸ்' என்னும் வகையைச் சேர்ந்தது. வாட்டிய இறைச்சித் துண்டுகளை நகரில் பணிபுரிவோர்க்கு நண்பகலில் சூடாகப் பரிமாறும் உணவு மனை அது. பகல் வெளிச்சம் மிகுதியாகப் புகாத சிற்றறைகள், கரி எரியும் கணப்பு, தேவாலய இருக்கைகளைப் போன்று நிமிர்ந்த முதுகுடைய மரப்பலகைகள், தரையில் தூவிய மரத்தூள், ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்தேறும் மரப்படிகள் என்பன அதன் அடையாளங்கள். இருக்கைகள் நெருக்கமானவை. எதிரில் இருப்பவர் முன்பின் அறியாதவராயினும் அவர் பேச்சு நம் செவியில் விழும். நம் பேச்சு அவர் செவியில் விழும். தனித்தனியே உண்ண வந்தவர் எழுந்து போகும்போது ஒரு கூட்டமாகிவிடுவது இந்நெருக்கத்தின் விளைவாகும்.

அவ்விடுதியின் புகழ் பெற்ற உணவு, 'புட்டிங்' எனப்படும் மாவுறையிட்ட இறைச்சிப் பணியாரமாகும். மாட்டிறைச்சி, சிறுநீரகம், சிப்பி, காளான், வானம்பாடிப் பறவைகள் ஆகியவற்றை மாவுப் போர்வைக்குள் அடைத்து 16 முதல் 20 மணி நேரம் வேகவைப்பர் எனவும், அதன் எடை 50 முதல் 80 பவுண்டு வரை, ஏறத்தாழ 23 முதல் 36 கிலோ வரை, இருக்கும் எனவும் பழைய வருணனைகள் கூறுகின்றன. அதைக் கொண்டுவந்து வைத்ததும் விடுதி உரிமையாளரே எழுந்து நின்று வெட்டிப் பரிமாறுவார். ஒரே பாண்டத்திலிருந்து அனைவருக்கும் பகிர்ந்தளிக்கும் உணவு, உண்போரை ஒரு பந்தியினர் ஆக்கிவிடுகிறது. பாடும் பறவையாகிய வானம்பாடியைக் கவிஞர்கள் உண்டார்களே என்று நம் மனம் சற்றே துணுக்குறும். பிற்காலத்தில் அப்பறவையைச் சேர்க்கும் வழக்கம் ஒழிந்தது.

இவ்விடுதியில் என் மனத்தைப் பெரிதும் ஈர்ப்பது ஓர் ஓவியம். 1829ஆம் ஆண்டு அங்குப் பரிமாறுபவராகப் பணியேற்ற வில்லியம் சிம்சன் என்பவரின் உருவம் அது. வாடிக்கையாக உண்ண வந்தோர் தமக்குள் பணம் திரட்டி அதனை வரைவித்தனர். விடுதி உரிமையாளரிடம் அளித்து, இனி வரும் உரிமையாளர் ஒவ்வொருவர்க்கும் இது வழிவழியாகச் சென்று சேரவேண்டும் என்றும் விதித்தனர். மன்னர்க்கும் தளபதிக்கும் ஓவியம் எழுப்பிய நாட்டில், சோறிட்ட கைக்கு உண்டவர்கள் எழுப்பிய நினைவுச் சின்னம் இது. பந்தியின் நன்றி என்பது இதுவே எனலாம்.

விடுதியின் கலகலப்புக்கு மற்றொரு சான்று, 'பாலி' என்ற கிளி. வசைச்சொற்களைத் தாராளமாக உதிர்ப்பதில் அது பெயர் பெற்றிருந்தது. முதல் உலகப்போர் முடிந்த 1918ஆம் ஆண்டு இரவில், மதுப்புட்டிகளின் தக்கை தெறிக்கும் ஓசையை நூற்றுக்கணக்கான முறை ஒலித்துக் களைத்து விழுந்தது என்று கதை சொல்வர். 1926இல் அது இறந்தபோது உலகின் பல நாளிதழ்கள் இரங்கற் செய்தி வெளியிட்டன. பேனா பிடித்தோர் அன்றாடம் உண்ணும் இடத்தில் வாழ்ந்த கிளிக்கு அப்பேறு கிட்டியது இயல்பே.

மரபுக் கதையும் சான்றும்

செஷயர் சீஸ் என்றவுடன் எவரும் முதலிற் சொல்லும் பெயர் சாமுவேல் ஜான்சன். ஆங்கில அகராதியை 1755இல் வெளியிட்ட அப்பேரறிஞர் 1748 முதல் 1759 வரை வாழ்ந்த கஃப் சதுக்க வீடு, விடுதியிலிருந்து சில நிமிட நடைத் தொலைவில்தான் உள்ளது. அவர் நாள்தோறும் இங்கு வந்து உண்டார் என்று கூறி, அவர் அமர்ந்த இருக்கை எனவும் ஒன்றைக் காட்டுவர். ஆனால் ஜான்சனின் ஒவ்வொரு சொல்லையும் செயலையும் தொகுத்து 1791இல் அவர் வரலாற்றை வெளியிட்ட பாஸ்வெல், இவ்விடுதியின் பெயரை ஓரிடத்திலும் குறிக்கவில்லை. டிக்கன்சின் 'இரு நகரங்களின் கதை' என்னும் 1859ஆம் ஆண்டு நாவலில், வழக்கில் விடுதலை பெற்ற டார்னேயைச் சிட்னி கார்ட்டன் ஃபிளீட் தெரு வழியே ஒரு விடுதிக்கு அழைத்துச் சென்று உண்பிக்கிறான். அதுவும் செஷயர் சீஸ்தான் என்பர். நாவலில் பெயர் இல்லை.

சான்றுள்ள விருந்து ஒன்று உண்டு. அது விடுதிக்குள் நிகழ்ந்ததன்று. அதே சந்தில் நிகழ்ந்தது. ஆலிவர் கோல்ட்ஸ்மித் ஒயின் ஆபீஸ் கோர்ட்டில் குடியிருந்தபோது, 1761 மே 31ஆம் நாள் இரவு விருந்துக்கு ஜான்சனை அழைத்திருந்தார். அவரை அழைத்துச் செல்ல வந்த தாமஸ் பெர்சி வியந்து நின்றார். உடைபற்றிக் கவலையே கொள்ளாத ஜான்சன் அன்று புத்தாடையும் புதுப் பொய்ம்முடியும் அணிந்து பளிச்சென்று காட்சியளித்தார். கோல்ட்ஸ்மித் தம் அழுக்குடைக்கு என்னையே சான்று காட்டுகிறாராம், அவருக்கு நல்ல முன்மாதிரி காட்டவேண்டும் என்பது ஜான்சன் தந்த விளக்கம். நெடுநாள் நட்பின் தொடக்கம் அப்பந்தி. வரலாற்று மாணவர் இருக்கைக் கதையை விட்டுவிட்டு இந்நிகழ்ச்சியைப் பற்றிக்கொள்வதே முறை.

ஜான்சன் விடுதி வாழ்வின் பெருமையை நன்கறிந்தவர் என்பதில் ஐயமில்லை. 1776இல் பாஸ்வெல்லோடு பயணம் செய்தபோது அவர் கூறிய கருத்து ஆழமானது. நண்பர் வீட்டு விருந்தில் வீட்டுக்காரருக்கு விருந்தினர் மனம் கோணக்கூடாதே என்னும் கவலை. விருந்தினர்க்கு அவர் மனம் கோணக்கூடாதே என்னும் கவலை. விடுதியில் இவ்விரு கவலையும் இல்லை. எவ்வளவு கேட்கிறோமோ, எவ்வளவு ஆரவாரம் செய்கிறோமோ, அவ்வளவு வரவேற்பு என்பது அவர் கருத்தின் சாரம். விருந்தோம்புவோரும் விருந்தினரும் என்ற பிரிவு நீங்கி யாவரும் ஒருநிலை எய்தும்போதுதான் ஒருவர் பாட்டை மற்றவர் கண்ணோட்டமின்றி ஆய முடியும். 1764இல் ஓவியர் ரெனால்ட்சும் ஜான்சனும் ஒன்பது உறுப்பினரோடு தொடங்கிய புகழ் பெற்ற கழகம், சோகோ பகுதியில் 'டர்க்ஸ் ஹெட்' என்னும் விடுதியில் திங்கட்கிழமை இரவுதோறும் கூடியதன் காரணமும் இதுவே.

மேல்மாடிக் கவிஞர்கள்

1890இல், அயர்லாந்திலிருந்து வந்து இலண்டனில் வாழ்ந்த டபிள்யூ. பி. யேட்ஸ், எர்னஸ்ட் ரீஸ் ஆகியோர் முன்னின்று 'ரைமர்ஸ் கிளப்' என்னும் வட்டத்தைத் தொடங்கினர். 'ரைமர்' என்பது கவிஞன் என்பதினும் தாழ்ந்த சொல். அடிகளை இயைபுற முடிப்பவன் என்னும் அளவிலே நிற்பது. தம்மைக் கவிஞர் என்று தாமே அழைத்துக்கொள்ளாத அடக்கம் அப்பெயரில் உள்ளது. யேட்சுக்கு அப்போது வயது இருபத்தைந்து. எர்னஸ்ட் டௌசன், லயோனல் ஜான்சன், ஆர்தர் சைமன்ஸ், ரிச்சர்ட் லே காலியன், விக்டர் பிளார் முதலியோர் அவ்வட்டத்தில் இணைந்தனர். பெரும்பாலோர் கையில் பணமில்லாத இளைஞர்.

செஷயர் சீஸில் கீழே உணவு, மேலே கவிதை. பந்தியில் உண்டு முடித்து, மணல் தூவிய தரையுடைய மேல்மாடி அறைக்கு ஏறிச் சென்று, நீண்ட களிமண் புகைக்குழாய்களைப் பற்றவைத்து, ஒவ்வொருவராகத் தம் பாட்டைப் படிப்பர். யேட்ஸ் 1922இல் வெளியிட்ட தன்வரலாற்றுப் பகுதியில் அவ்விரவுகளை நினைவுகூர்கிறார். லயோனல் ஜான்சன் படிக்கும் முறை கேட்போரைக் கட்டிப்போட்டதாம். வழக்கத்தினும் மிகுதியான கவிஞர் வந்திருந்த ஓர் இரவில், நம்மில் யார் வெல்வார், யாருக்கு ஆற்றல் உண்டு என்று எவராலும் சொல்ல முடியாது, நாம் மிகப் பலராக இருக்கிறோம் என்பது மட்டுமே உறுதி என யேட்ஸ் பேசினாராம். இளங்கவிஞர் கூட்டம் எதிலும் எவர் நெஞ்சிலும் எழும் அச்சம் இது. அதை வெளியே சொல்லும் துணிவையும், சொன்ன பின்னும் அடுத்த வாரம் கூடும் உறவையும் அம்மேசை தந்தது.

இரண்டு நூல்கள் இவ்வட்டத்தின் விளைச்சல். வட்டத்தில் படிக்கப்பெற்று உறுப்பினர் ஏற்ற கவிதைகளே நூலில் இடம்பெற வேண்டும் என்பது முறை. முதல் தொகுதி 1892இல் எல்கின் மேத்யூசின் வெளியீடாக வந்தது. கவிஞர் பன்னிருவர், அச்சிட்ட படிகள் 450, அவற்றுள் விற்பனைக்கு 350. இரண்டாம் தொகுதி 1894இல் வந்தது. இன்று உலகெங்கும் ஆங்கிலம் பயில்வோர் அறிந்த யேட்சின் 'இன்னிஸ்ஃபிரீ' தீவுக் கவிதை முதல் தொகுதியில் உள்ளது. டௌசனின் 'சினாரா' கவிதை இரண்டாம் தொகுதியில் உள்ளது. மார்கரெட் மிட்செல் 1936இல் வெளியிட்ட 'கான் வித் த விண்ட்' நாவலின் தலைப்பு அக்கவிதையின் தொடரே. 350 படிகள் விற்க எண்ணிய சிறு வெளியீடுகள் இத்தகைய கவிதைகளைத் தாங்கி நின்றன என்பதை, சிறுதொகுதி வெளியிட்டுக் கட்டுக்கட்டாக வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் நம் கவிஞர்கள் ஆறுதலாகக் கொள்ளலாம்.

பறித்தது எது?

இனி இரண்டாம் வினா. டௌசன் 1900இல் தம் 32ஆம் வயதில் வறுமையிலும் நோயிலும் இறந்தார். மது அவர் உடலை முன்னரே அரித்திருந்தது. லயோனல் ஜான்சன் தனிமையில் குடித்துக் குடித்துத் தளர்ந்தார். 1902இல் அதே ஃபிளீட் தெருவின் 'கிரீன் டிராகன்' என்னும் மற்றொரு விடுதியில் நிலைகுலைந்து விழுந்து, சில நாளில் மாண்டார், அகவை 35. அவ்வட்டத்தோடு வந்தமர்ந்த ஜான் டேவிட்சன் 1909இல் கடலில் வீழ்ந்து உயிர் துறந்தார். ஆர்தர் சைமன்ஸ் 1908இல் மனநலம் குலைந்தார். யேட்ஸ் இவர்களைப் பற்றி எழுதிய பகுதிக்கு 'துன்பியல் தலைமுறை' என்றே பெயரிட்டார்.

இவ்வழிவுகளுக்கு விடுதி ஒன்றே காரணம் என்பது நேர்மையன்று. வறுமை, நோய், காலத்தின் சோர்வு எனப் பல காரணங்கள் உள. ஆயினும் கவிஞன் அழிந்தால்தான் கவிதை ஒளிரும் என்னும் மயக்கம் அக்காலத்தில் ஓங்கியிருந்தது என்பதை மறுக்க இயலாது. அம்மயக்கத்துக்கு இவ்வட்டமே எதிர்ச்சான்றும் தருகிறது. அதே மேசையில் அமர்ந்த யேட்ஸ் 1923இல் நோபல் பரிசு பெற்று, 1939இல் இறக்கும்வரை மேலும் மேலும் சிறந்த கவிதை எழுதினார். எர்னஸ்ட் ரீஸ் 1906 முதல் 'எவ்ரிமேன்' நூல்வரிசையின் பதிப்பாசிரியராக விளங்கி, உயரிய நூல்களைக் குறைந்த விலையில் பொதுமக்கள் கையில் சேர்த்தார். மேசை ஒன்றே, அதிலிருந்து எதை எடுத்துச் சென்றனர் என்பதில்தான் வேறுபாடு. தம் நண்பர்களை யேட்ஸ் மறந்தாரல்லர். 1914இல் வெளிவந்த அவர் தொகுதியிலுள்ள 'சாம்பற் பாறை' என்னும் கவிதை, செஷயர் சீஸ் தோழர்களை விளித்தே தொடங்குகிறது. தொழில் கற்ற இடத்துக்குச் செலுத்திய நன்றி அது.

அடைத்த கதவு

மூன்றாம் வினாவே என் நெஞ்சில் நெடுநாளாக நிற்பது. ரைமர்ஸ் கிளப்பின் இரு தொகுதிகளிலும் ஒரு பெண்ணின் கவிதைகூட இல்லை. அக்கால இலண்டனில் பெண் கவிஞர் இல்லையா? இருந்தனர். காதரின் பிராட்லி, எடித் கூப்பர் என்னும் இருவர், சிற்றன்னையும் மகளும் என்ற உறவினர், 'மைக்கேல் ஃபீல்டு' என்னும் ஆண்பெயரில் இணைந்து எழுதினர். அவர்களின் தொகுதி ஒன்று அதே 1892இல் அதே எல்கின் மேத்யூசும் அவர் பங்காளி ஜான் லேனும் நடத்திய பதிப்பகத்திலிருந்து வெளிவந்தது. யேட்ஸ் அதற்கு மதிப்புரையும் எழுதினார். அது பாராட்டாக அமையவில்லை. ஆலிஸ் மெய்னலின் கவிதைகள் 1893இல் அவ்விருவர் வெளியீடாகவே வந்தன. பதிப்பாளர் ஒருவர்; வாசகர் ஒருவர்; நகரமும் ஒன்று. மேசை மட்டும் வேறு. மேசையில் இடமில்லாதவர்க்கு, நூல் முடிந்த பின் மதிப்புரை கிடைக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது கேட்கும் செவி கிடைக்காது. இழப்பு இங்குத்தான் உள்ளது.

செஷயர் சீஸின் சிறிய மதுவறை ஒன்றின் கதவுக்கு மேல், ஆடவர்க்கு மட்டுமே அங்குப் பரிமாறப்படும் என்னும் பழைய அறிவிப்பு உண்டு. இப்போது அது காட்சிப் பொருளாகிவிட்டது. பெண்களும் அங்கு அமர்ந்து உண்கின்றனர். ஆனால் அத்தெருவில் அந்நிலை தானாக வந்ததன்று. 'எல் வினோ' என்னும் ஃபிளீட் தெரு மதுவிடுதியில், பத்திரிகையாளரும் வழக்கறிஞரும் நின்று செய்தி பரிமாறிக்கொள்ளும் முகப்பில் பெண்களுக்குப் பரிமாற மாட்டார்கள். உள்ளே மேசைக்குச் சென்று அமர வேண்டும். டெஸ் கில் என்னும் வழக்கறிஞரும் அன்னா கூட் என்னும் பத்திரிகையாளரும் 1975ஆம் ஆண்டுப் பாலினப் பாகுபாட்டுச் சட்டத்தின்கீழ் வழக்கிட்டனர். 1982 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு கோப்பைக்காக நீதிமன்றம் வரை செல்ல வேண்டுமா என்று நகைத்தோர் உண்டு. வழக்கு கோப்பைக்காக அன்று. செய்தியும் வாய்ப்பும் நட்பும் கைமாறும் இடத்தில் நிற்கும் உரிமைக்காக.

பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இலண்டன் பெண்கள் மாற்றுவழி ஒன்று கண்டிருந்தனர். எலிசபெத் மாண்டேகு முதலியோர் தம் வீட்டுக் கூடங்களில் அறிஞரை அழைத்து, மதுவும் சீட்டாட்டமும் இன்றித் தேநீரோடு உரையாடல் நிகழ்த்தினர். ஜான்சனும் அங்குச் சென்றதுண்டு. ஆடவர் பெண்கள் கூடத்துக்குச் செல்லலாம். பெண்கள் ஆடவர் கழகத்துக்கு வரலாகாது. கதவு ஒருபுறமே திறந்தது.

தமிழ் பயின்றோர்க்கு இவ்விடத்தில் ஔவையார் நினைவுக்கு வராமல் இரார். அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது அவர் பாடிய கையறுநிலைப் பாட்டு புறநானூற்றில் 235ஆம் பாடலாக உள்ளது. கள் சிறிதளவே கிடைத்தால் அதைப் புலவராகிய தமக்கே கொடுத்துவிடுவான் என்றும், மிகுதியாகக் கிடைத்தால் தாம் உண்டு பாட, எஞ்சியதைத் தானும் மகிழ்ந்து உண்பான் என்றும் அவர் நினைந்து அழுகிறார். மன்னனோடு ஒரே பந்தியில் அமர்ந்து, உண்டு, பாடி, அவன் மறைந்தபின் அவ்விருக்கையின் வெறுமையைப் பாடும் உரிமை பெற்ற பெண் அவர். இங்குக் கள் முதன்மையன்று. பகிர்வும் இருக்கையுமே முதன்மை. சங்கப் புலவருள் பெண்பாற் புலவர் பலர் விளங்கியமைக்கு, பந்தியில் அவர்க்கு இடமிருந்ததும் ஒரு காரணமாகலாம் என்பது என் கருத்து. பிற்காலத்தில் நாமும் அவ்விடத்தைச் சுருக்கிக்கொண்டோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

நிறைவாக

1986இல் பெரும் நாளிதழ்கள் சில கிழக்கு இலண்டனின் வாப்பிங் பகுதிக்கு இடம் பெயர்ந்தன. மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாக ஃபிளீட் தெருவை விட்டு நீங்கின. 2005இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனமும் வெளியேறியது. அச்சு எந்திரங்களின் ஓசை அடங்கிய தெருவில் செஷயர் சீஸ் விடுதி பந்தி விரிப்பதை நிறுத்தவில்லை. வந்து உண்போர் மாறினர். ஜான்சன் இருக்கையைத் தேடி வரும் பயணிகள் பெருகினர். அவர்கள் காண்பது கட்டடம். அங்குப் படிக்கப்பெற்ற கவிதைகள் வேறிடத்தில், நூலகங்களில், அவ்விரு மெல்லிய தொகுதிகளில் உள்ளன.

ரைமர்ஸ் கிளப் சில ஆண்டுகளிலேயே கலைந்தது. பத்தாண்டு விழாக் காணும் பேறு அதற்கு வாய்க்கவில்லை. நமக்கு வாய்த்துள்ளது. நம் கூட்டங்களில் மது இல்லை; தேநீரும் சுண்டலும் உண்டு. ஆரவாரத்துக்கும் குறைவில்லை. எனவே அவ்வட்டத்திடமிருந்து நாம் கொள்ளத்தக்கவை சிலவே. குறித்த நாளில் தவறாமல் கூடுதல். படித்ததைப் பலர் கேட்டு ஆய்ந்தபின் அச்சேற்றுதல். பரிமாறியவர் பெயரையும் மறவாமல் பதிவு செய்தல். கொள்ளத் தகாதவையும் உள. தன்னை அழித்துக்கொள்வதே கவிஞனின் இலக்கணம் என்னும் மயக்கம் அவற்றுள் ஒன்று. மற்றொன்று, கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் யாரை வாராமல் தடுக்கின்றன என்று எண்ணிப் பாராமை.

இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும் கூட்டத்துக்குக் கதவில் எந்த அறிவிப்புப் பலகையும் வேண்டுவதில்லை. வீட்டில் சமைத்துக் குழந்தையை உறங்கவைக்க வேண்டிய பெண் கவிஞர் தாமாகவே வரமாட்டார். அவர் எழுதிய பாட்டு நோட்டுப் புத்தகத்தில் கிடக்கும்; நாமும் பெண் கவிஞர் நம்மூரில் இல்லை என்று எழுதிவிடுவோம். அடுத்த பத்தாண்டில் நம் வட்டம் கூடும் நேரத்தைச் சற்று முன்னதாக, மாலைப்பொழுதில் அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது உறுப்பினர் முன் நான் வைக்கும் வேண்டுகோள். இருபதாம் ஆண்டு மலரின் பொருளடக்கத்தைப் பார்த்தால், அம்மாற்றம் பயன் தந்ததா என்பது தெரிந்துவிடும்.